நூல்நிலைய ஊழியருக்குக் கணினிப் பயிற்சி

நூல்நிலையம் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பன நூல்களும் அவற்றைத் தாங்கும் அடுக்குகளுமே. அடுக்குகளுக்கும் வாசகருக்கும் இடையில் ஒரு மேசை உண்டு என்பதையும், அம்மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார் என்பதையும் நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. ஆயினும், ஒரு நூல்நிலையம் ஊருக்குப் பயன்படுவதும் பயன்படாமற் போவதும் அம்மனிதரைப் பொறுத்தனவே. அவர் இக்காலத்துக் கருவிகளைத் தயக்கமின்றிக் கையாளக் கற்றுக்கொள்வது எவ்வாறு, அதற்கென ஒரு பயிற்சித் திட்டத்தை எங்ஙனம் அமைக்கலாம் என்பன பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகின்றேன்.

அம்மேசைக்கு வரும் கேள்விகள் மாறிவிட்டன. முன்னாளில், “அந்த நாவலின் இரண்டாம் பாகம் திரும்பி வந்துவிட்டதா?” என்றோ, “சென்ற வாரப் பத்திரிகை எங்கே இருக்கிறது?” என்றோ கேட்டனர். இன்று க.பொ.த. பரீட்சைப் பெறுபேற்றை இணையத்திற் பார்த்துத் தருமாறு ஒரு தாய் வந்து நிற்கிறார். பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை இணைய வழியாக நிரப்பவேண்டிய மாணவி வருகிறாள். ஓய்வூதியப் பத்திரமொன்றைப் படமெடுத்து அனுப்ப வேண்டுமென்று கைத்தொலைபேசியுடன் ஒரு முதியவர் வருகிறார். “இது எங்கள் வேலையன்று” என்று நூலகர் கூறிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? சந்தியில் இருக்கும் கொமினிகேஷன் கடைக்குத்தான் போவார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மாணவியின் பெயரில் மின்னஞ்சற் கணக்கைத் திறப்பவர் அவர். திறவுச்சொல்லை அமைப்பவரும் அவர். அதனை அறிந்திருப்பவரும் அவர் ஒருவரே. அடையாள அட்டையின் படம் அவருடைய கணினியில் தங்கிவிடுகிறது. சில மாதங்கள் கழித்து நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு அந்த மின்னஞ்சலுக்கு வந்து சேரும்போது, அதனைத் திறந்து பார்க்கும் வழி மாணவியிடம் இராது. கிராமப்புறப் பாடசாலைகளில் கடமையாற்றுவோர் இத்தகைய இடரைக் காணாத ஆண்டில்லை.

ஆகவே, நூலகரின் பயிற்சி என்பது அவருடைய பதவி உயர்வைப் பற்றிய விடயம் மட்டுமன்று. காசு கொடுக்காமலும், தன் இரகசியத்தைப் பிறரிடம் ஒப்படைக்காமலும் ஓர் ஏழை மாணவி உதவி பெறக்கூடிய இடம் ஊரில் ஒன்றாவது இருக்குமா என்பதே இங்குள்ள வினா.

நூலகரைப் பயிற்றுதல் புதிய எண்ணமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924 ஆம் ஆண்டில் நியமனம் பெற்ற எஸ். ஆர். இரங்கநாதன் அதுவரை கணித ஆசிரியராக இருந்தவர். அவர் அதே ஆண்டில் இலண்டனுக்குச் சென்று நூலகவியலைப் பயின்றார். அங்குள்ள நூல்நிலையங்களின் நடைமுறைகளை நேரிற் கண்டார். திரும்பி வந்தபின், தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது, 1929 இல் சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாகக் கோடைகாலப் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அந்நாளிற் பகுப்பு முறையும் நூற்பட்டியல் அட்டை எழுதும் முறையும் எவ்வளவு புதுமையாக இருந்தனவோ, அவ்வளவு புதுமை இன்று கணினிக்கு உண்டு. வேறுபாடு ஒன்றே. அட்டை எழுதும் முறையை ஒருவர் ஒருமுறை கற்றால் அது அவருடைய உத்தியோக காலம் முழுவதற்கும் போதும். கணினியில் இன்று கற்றது ஐந்தாண்டில் உருமாறி நிற்கும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளாத பயிற்சித் திட்டங்களே பெரும்பாலும் வீணாகின்றன.

நம்மிடையே வழங்கும் பயிற்சி முறையை நேயர்கள் அறிவீர்கள். காலையில் மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பின்பு வளவாளர் ஒருவர் திரையிலே படங்களைக் காட்டி இரண்டு மணிநேரம் பேசுவார். மதியம் சோற்றுப் பொதி. பிற்பகலில் நாற்பது பேர் பத்துக் கணினிகளைச் சூழ்ந்து நிற்பர். ஒருவர் விசையை அழுத்த மூவர் எட்டிப் பார்ப்பர். மாலையிற் சான்றிதழ். அடுத்த நாட் காலையில், தம் நூல்நிலைய மேசையில் அமரும்போது அந்த உத்தியோகத்தரின் கைக்குள் இருப்பது சான்றிதழ் ஒன்றே. ஆசிரியர்களுக்கான பயிற்சிகளிலும் இதே காட்சியைப் பல தடவை கண்டிருக்கிறேன். சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிச் சொற்பொழிவு கேட்டு எவரும் சைக்கிள் ஓட்டக் கற்றதில்லை.

பிற நாடுகள் இதனை எவ்வாறு செய்தன என்று பார்ப்போம். இரண்டு முயற்சிகள் கருதத்தக்கன. ஒன்று பிரித்தானிய அரசின் ஆதரவுடன் நடைபெற்ற பெருந்திட்டம். மற்றையது அமெரிக்க நகரம் ஒன்றின் பொது நூல்நிலையம் தானே அமைத்துக்கொண்ட சிறு திட்டம்.

பிரித்தானியாவிலே 1997 ஆம் ஆண்டில், பொது நூல்நிலையங்கள் யாவற்றையும் இணையத்தோடு தொடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்து ஓர் அறிக்கை வெளிவந்தது. “மக்கள் வலைப்பின்னல்” என்பது அத்திட்டத்தின் பெயர். தேசிய லொத்தர் நிதியிலிருந்து கணினிகளுக்கும் இணைப்புகளுக்குமாக 100 மில்லியன் பவுணும், ஊழியரின் பயிற்சிக்கென்றே தனியாக 20 மில்லியன் பவுணும் ஒதுக்கப்பட்டன. இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. பொறிக்கு ஐந்து பங்கு செலவிட்டால் மனிதருக்கு ஒரு பங்கேனும் செலவிடவேண்டும் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். கட்டடம் திறந்து, கணினி வைத்து, நாடா வெட்டியபின் பயிற்சியைப் பற்றி யோசிப்பது நம்முடைய வழக்கம்.

அத்திட்டத்திலே பயிற்சியின் பயன்கள் எட்டு எனக் குறிக்கப்பட்டன. கணினியை இயக்கும் அடிப்படைத் திறமை அவற்றுள் ஒன்று மட்டுமே. வாசகருக்காகத் தகவலைத் தேடிக் கண்டறிதல், வாசிப்பை வளர்க்கக் கணினியைப் பயன்படுத்தல், கற்க வருவோருக்குத் துணைநிற்றல், சட்டமும் பாதுகாப்பும் பற்றிய அறிவு என்பன ஏனையவற்றுட் சில. அலுவலகச் சுமையைக் குறைத்துக்கொள்ளல் என்பதும் அந்த எட்டினுள் அடங்கியிருந்தது. இதனை நம் திணைக்களத்தார் கேட்டால் மகிழ்வார்களோ, திகைப்பார்களோ, நான் அறியேன். அடிப்படைத் திறமைக்கென, “ஐரோப்பியக் கணினிச் சாரதி அனுமதிப்பத்திரம்” என்று பொருள்படும் பொதுப் பரீட்சையைப் பல உள்ளூராட்சி மன்றங்கள் ஏற்றுக்கொண்டன. அது ஏழு பகுதிகளைக் கொண்டது: கணினி பற்றிய பொது அறிவு, கோப்புகளைக் கையாளல், சொற்செயலி, விரிதாள், தரவுத்தளம், விளக்கப்படக் காட்சி, இணையமும் மின்னஞ்சலும் என்பன. யாவரும் ஒரே அளவான அடித்தளத்தைப் பெறுவதற்கு இது உதவியது. எனினும், மேசையில் நிற்கும் ஊழியருக்கு விரிதாளிற் சூத்திரம் எழுதும் தேவை மாதத்தில் ஒருநாள் வந்தாலே அதிகம். “என் மின்னஞ்சல் திறக்கவில்லை, தம்பி” என்று சொல்பவர் நாளுக்கு நால்வர் வருவர். பரீட்சைக்கு எளிதில் அடங்குவது ஒன்று. மேசைக்கு வேண்டியது வேறொன்று. எட்டுப் பயன்களுள் முதலாவது மட்டும் பரீட்சைக்கு இலகுவாக அடங்குவதால், ஏனைய ஏழும் நிழலிற் போய்விடும் அபாயம் அங்கே இருந்தது.

இனி, இரண்டாவது முயற்சி. ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் சார்லட் என்ற நகரம் இருக்கிறது. அந்நகருக்கும் அது அடங்கிய மெக்லன்பர்க் மாவட்டத்துக்குமான பொது நூல்நிலையத்திலே தொழினுட்பப் பகுதியின் பணிப்பாளராக இருந்தவர் ஹெலீன் புளோவர்ஸ் என்னும் அம்மையார். அக்காலத்தில் இணையம் ஒரு புதிய திருப்பத்தை அடைந்திருந்தது. அதுவரை பிறர் எழுதியதைப் படிக்கும் இடமாக இருந்த இணையத்திலே பொதுமக்கள் தாமே எழுதவும், படங்களை இடவும், குரலைப் பதிந்து பரப்பவும் தொடங்கினர். இளைஞர் யாவரும் அறிந்திருந்த இவற்றை நூல்நிலைய ஊழியர் பலர் அறிந்திருக்கவில்லை. ஊழியர் பல கிளைகளிலே பரந்திருந்தனர்; அவர்களை ஒரே வகுப்பறையிற் கூட்டுவது எளிதன்று.

ஆகையால் அம்மையார் வகுப்பறையையே விட்டுவிட்டார். கனடிய நூலகத்துறை அறிஞரான ஸ்டீவன் ஏபிரம், ஒருவர் இவ்வாண்டிற் செய்து பார்க்கக்கூடிய 43 செயல்கள் என்ற கருத்தில் 2006 இல் எழுதிய கட்டுரையொன்று அவருக்குத் தூண்டுதலாயிற்று. அவர் அந்த எண்ணைச் சுருக்கி, 23 சிறு செயல்களைக் கொண்ட பட்டியலொன்றை வகுத்தார். 2006 ஆகத்து மாதத்தில் அது தொடங்கியது. ஒன்பது வார காலத்தில் ஒவ்வோர் ஊழியரும் அவற்றைத் தாமாகவே, தமக்கு வாய்த்த நேரத்திலே, செய்து முடிக்க வேண்டும். முதலிற் பாடம் இல்லை. கற்றல் என்பது எவ்வகைப் பழக்கம் என்பதைப் பற்றிய ஏழரைக் குறிப்புகளை அவர்கள் கேட்க வேண்டும். ஏழரை என்றால் நம் மக்களுக்குச் சனியின் நினைவு வரும். அங்கே அந்த அரைக்குறிப்பு “விளையாடு” என்பதாகும். அஞ்சாமல் தொட்டுப் பார்க்கலாம், அழுத்திப் பார்க்கலாம், பிழைத்தாற் குற்றமில்லை என்பது அதன் கருத்து.

அடுத்த செயல், ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வலைப்பதிவைத் தொடங்குதல். தம் பெயரில் எழுத விருப்பமில்லாதவர் புனைபெயரில் எழுதலாம். அதன்பின் செய்யும் செயல் ஒவ்வொன்றையும் பற்றி அங்கே சில வரி எழுதவேண்டும்: என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன், இது நம் நூல்நிலையத்துக்கு உதவுமா, உதவாதா. இவ்வாறு எழுதுவதே வலைப்பதிவைக் கற்கும் பாடமாகவும், வேலை நடைபெறுகிறது என்பதற்குச் சாட்சியாகவும் அமைந்தது. வரவுப் பதிவேடு தேவைப்படவில்லை. ஒருவர் தடுமாறியதை மற்றொரு கிளையில் இருந்தவர் படித்து வழி சொன்னார். பின்னர் படங்களை இடும் தளம், செய்தியோடைகள், பலர் சேர்ந்து எழுதும் விக்கித் தளம், ஒளிப்படக் காட்சிகள், ஒலிபரப்புக் கோப்புகள், மின்னூல்கள் என்று பட்டியல் நீண்டது. இருபத்துமூன்றாவது செயல், இதுவரை செய்தவற்றைப் பற்றிய தம் கருத்தை எழுதுதல். முடித்தவர் ஒவ்வொருவருக்கும் பாட்டுக் கேட்கும் சிறு கருவி ஒன்று பரிசாயிற்று. அவர்களுட் சீட்டுக் குலுக்கித் தேர்ந்த ஒருவருக்கு மடிக்கணினி கிடைத்தது. தொடங்கியோர் எல்லாரும் முடித்தாரல்லர். எனினும், அந்தப் பாடத்திட்டத்தைப் பிறர் தடையின்றி எடுத்து மாற்றிப் பயன்படுத்த அந்த நூல்நிலையம் அனுமதி வழங்கியதனால், அது விரைவிற் பரவியது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்கு அருகிலுள்ள யாரா பிளெண்டி நூல்நிலையம் அதனை முதலிலே ஏற்றுக்கொண்டவற்றுள் ஒன்று. 2008 இல் மினசோட்டா மாநிலத்திலும், 2010 இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகங்களிலும் அதே இருபத்துமூன்று வேறு வேறு உருவெடுத்தது. 2013 இல் கைத்தொலைபேசிக்கென ஒரு பட்டியலும் வெளிவந்தது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 2006 ஆம் ஆண்டுப் பட்டியலிலே இடம்பெற்ற தளங்களுட் பல இன்று இல்லை. பக்கங்களைக் குறித்து வைக்க உதவிய தளம் மூடப்பட்டது. வலைப்பதிவுகளைத் தேட உதவிய தளம் அத்தொழிலைக் கைவிட்டது. பரிசாகக் கிடைத்த பாட்டுக் கருவியையும் கைத்தொலைபேசி விழுங்கிவிட்டது. அப்படியாயின் அந்த ஒன்பது வாரமும் வீணாயினவா? அல்ல. எந்த விசை எங்கே இருக்கிறது என்று மனனம் செய்தவருக்கு அவை வீண்தான். புதிய ஒன்று வந்தால் அதனைத் திறந்து, தட்டிப் பார்த்து, தடுமாறி, பக்கத்திலிருப்பவரைக் கேட்டு, நமக்கு ஆகுமா ஆகாதா என்று தீர்மானிக்கும் பழக்கத்தைப் பெற்றவருக்கு அப்பழக்கம் எஞ்சியது. நான் இம்முறையைப் பெரிதும் மதிப்பதற்குக் காரணம் இதுவே.

ஆயினும், சார்லட்டின் பட்டியலை அப்படியே தமிழாக்கி நம் பிரதேச சபை நூல்நிலையங்களுக்கு அனுப்பினாற் பயனில்லை. அங்குள்ள ஊழியர் அறியாதிருந்தது ஒன்று; இங்குள்ளவர்க்கு வேண்டியது வேறு. நம்முடைய பட்டியலை அமைக்கும் வழி இதுவென எனக்குத் தோன்றுகின்றது: மேசையில் ஒரு கொப்பியை வைத்து, ஒரு மாத காலம் வாசகர் கேட்கும் கேள்விகளையும், அவற்றுள் விடை சொல்ல முடியாமற் போனவற்றையும், திகதியிட்டுக் குறித்து வருதல். யார் கேட்டார் என்பதை எழுதவேண்டாம்; என்ன கேட்டார் என்பதே போதும். மாத முடிவில் அந்தக் கொப்பியே பாடத்திட்டத்தைத் தந்துவிடும். கொழும்பிலிருந்து வளவாளர் வந்து சொல்லவேண்டிய அவசியம் இராது.

அக்கொப்பியில் என்ன இருந்தாலும், தமிழ் நூல்நிலையங்களுக்கு ஒரு பாடம் தவிர்க்க முடியாதது. அது தமிழ் எழுத்தைப் பற்றியது. பலர் இதனைச் சிறு விடயம் என்று கருதுவதால் சற்று விரித்துச் சொல்கின்றேன். நம் நாட்டு அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ‘பாமினி’ முதலிய எழுத்துருக்கள் நெடுங்காலம் வழங்கின. இன்றும் பல இடங்களில் வழங்குகின்றன. அவற்றிலே தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கும். ‘அம்மா’ என்று நாம் திரையிற் காண்கிறோம். ஆனால் கணினி தன்னுள்ளே பதிந்து வைத்திருப்பது நான்கு ஆங்கில எழுத்துகளையும் அவற்றினிடையே ஓர் அரைப்புள்ளியையுமே. மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளிக்கு அந்த அரைப்புள்ளி பதிலாளாக நிற்கின்றது. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலே அதே கோப்பைத் திறந்தால் அம்மாவைக் காணமுடியாது. பொருளற்ற ஆங்கிலக் குவியலே தோன்றும். 1991 இல் முதன்முதல் வெளியான யுனிகோட் என்னும் ஒருங்குறி முறையில் தமிழுக்கெனத் தனி இடம் உண்டு. அதில் ‘அ’ எந்தக் கணினியிலும் ‘அ’ தான். ஒரு நூல்நிலையத்தின் பட்டியலிற் பாதி பாமினியிலும் பாதி ஒருங்குறியிலும் இருக்குமாயின், வாசகர் ஒருங்குறியிலே தேடும்போது முதற்பாதி முழுவதும் மறைந்துவிடும். நூல் அடுக்கில் இருக்கும்; கணினி அதனைக் காட்டாது. “இல்லை” என்று வாசகரை அனுப்பிவிடுவோம். ஆகவே, ஒருங்குறியிலே தட்டச்சுச் செய்தல், பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுதல், மாற்றியபின் பிழை பார்த்தல் ஆகிய மூன்றும் பட்டியலின் முதல் மூன்று செயல்களாக அமையவேண்டும்.

இதனோடு அகரவரிசையும் சேர்ந்துவருகிறது. நம் அகராதிகளின் வரிசையில் ‘மரம்’, ‘மழை’, ‘மன்னன்’ என்ற ஒழுங்கிலே சொற்கள் நிற்கும். றகரமும் னகரமும் மெய்களின் இறுதியில் வருபவை அல்லவா? ஒருங்குறியின் இலக்க வரிசையிலோ னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. மொழிக்கேற்ப அமைக்கப்படாத கணினி ‘மன்னன்’, ‘மரம்’, ‘மழை’ என்றே வரிசைப்படுத்தும். இது பழுதன்று, கணினிக்கு நம் வரிசையைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே காரணம். இதனை அறிந்த ஊழியர் நூலைத் தேடிக் கண்டுபிடிப்பார். அறியாதவர் நூல் தொலைந்துவிட்டதென்று பதிவேட்டில் எழுதிவிடுவார்.

நூற்பட்டியலையும் இரவற் பதிவையும் கணினியில் நடத்துவதற்குக் ‘கோஹா’ என்னும் மென்பொருள் பல நாடுகளில் வழங்குகின்றது. நியூசிலாந்தின் ஹொரோஃபெனுவா என்னும் பகுதியிலுள்ள நூல்நிலையங்கள், தம் பழைய மென்பொருள் 2000 ஆம் ஆண்டின் பிறப்பைத் தாங்காது என்று கண்டு, புதியதொன்றைச் செய்வித்து, அவ்வாண்டுத் தொடக்கத்திலிருந்து பயன்படுத்தலாயின. அதனை உலகுக்கு இலவசமாகவும் வழங்கின. மவோரி மொழியிலே ‘கோஹா’ என்றாற் கொடை என்பது பொருள். விலையில்லாப் பொருளாதலால் அதன் மற்றொரு பிரதியைப் பயிற்சிக்கென்றே தனியாக நிறுவிக்கொள்ளலாம். உண்மையான பட்டியலைத் தொடாமல், பொய் நூல்களைப் பதிந்து, பொய் வாசகருக்கு இரவல் கொடுத்து, அழித்து, திரும்ப எழுதிப் பழகலாம். நம் உத்தியோகத்தரிடம் காணப்படும் அச்சத்தின் மூலகாரணம் மடமையன்று; ஏதாவது அழிந்துவிட்டாற் கணக்காய்வுக்குப் பதில் சொல்லவேண்டுமே என்ற நியாயமான எச்சரிக்கைதான். அழிந்தாலும் கேள்வியில்லாத ஓர் இடத்தை அவருக்குக் கொடுத்தால் அச்சம் தானே நீங்கும்.

ஏனைய செயல்களைச் சுருங்கச் சொல்லலாம். வாசகருக்கு மின்னஞ்சற் கணக்கைத் திறக்க உதவும்போது திறவுச்சொல்லை அவரே தட்டச்சுச் செய்யுமாறு விட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம். பொதுக்கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறச் செய்தல். பத்திரத்தை வருடியெடுத்து, அளவைச் சுருக்கி, குறித்த வடிவில் அனுப்புதல். இன்னும் ஒன்று: 2022 ஆம் ஆண்டின் இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்தது முதல், வினாவுக்கு விடை எழுதும் பொறிகள் மாணவர் கைக்கு வந்துவிட்டன. அவை சிலவேளைகளில் இல்லாத நூலையும் இருப்பதுபோலக் கூறும். நம் ஊர் வரலாறு பற்றிய நூல்களின் பெயர்களைத் தருமாறு அப்பொறியைக் கேட்டு, வரும் பெயர் ஒவ்வொன்றையும் நூற்பட்டியலிலே தேடிச் சரிபார்த்தலை ஒரு செயலாக வைக்கலாம். இதைவிட நூலகருக்கு உகந்த விளையாட்டு இராது.

ஊர் ஆவணங்களை எண்ணிம வடிவிற் காத்தலும் பட்டியலில் இடம்பெற வேண்டும். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுட் சிலவற்றுக்கு வேறு பிரதி உலகில் எங்கும் இல்லை. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்திற் சேர்த்துக் காத்து வருகின்றது. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் கோயிற் கும்பாபிடேக மலர், பாடசாலை நிறைவு மலர், சனசமூக நிலைய அறிக்கை என்று எத்தனையோ அச்சுப் பிரதிகள் கறையானுக்கு அருகில் இருக்கின்றன. அவற்றை வருடியெடுத்து, கோப்புக்கு முறையாகப் பெயரிட்டு, இரண்டு வேறிடங்களில் வைப்பதற்கு ஒரு கிளை நூலகர் கற்றுக்கொண்டாற் போதும். “படம் 1”, “படம் 2” என்று பெயரிட்ட கோப்புகள் இருந்தும் இல்லாதவையே.

எத்துணை நல்ல பட்டியலும் இரண்டு இடங்களில் இடறிவிழும். முதலாவது, பதவி. ஓய்வுபெறச் சில ஆண்டுகளே உள்ள பிரதம நூலகர், நேற்று வேலைக்கு வந்த இளைஞர் முன்னிலையிலே தடுமாற விரும்பமாட்டார். இதைக் குறைகூறிப் பயனில்லை. நம் சமூகத்தில் வயதுக்கும் பதவிக்கும் உள்ள இடம் அத்தகையது. சார்லட்டிலே புனைபெயருக்கு இடங்கொடுத்ததன் அருமை இங்கேதான் விளங்குகின்றது. நம் நூலகர்கள் வலைப்பதிவு எழுதவேண்டும் என்பதில்லை. ஆளுக்கொரு கொப்பியில் எழுதினாலும் போதும். மூத்தவர்களை மூத்தவர்களோடு சேர்த்து, வேறொரு நூல்நிலையத்திலே, இருவர் இருவராகப் பயில விடலாம். இளைஞரிடம் ஒருங்குறி கற்ற மூத்தவர் அவ்விளைஞருக்கு நூற்பகுப்பைக் கற்பித்தால் கணக்குத் தீர்ந்துவிடும். அதில் இளைஞருக்கே இலாபம் அதிகம்.

இரண்டாவது, நேரம். ஓரிருவர் மட்டுமே கடமையாற்றும் கிளைகளில், ஒருவர் பயிற்சிக்கு அமர்ந்தால் மேசையை யார் பார்ப்பது? வீட்டுக்குப் போய்ப் படியுங்கள் என்று சொல்வது எளிது. பெண்களே பெருந்தொகையாகக் கடமையாற்றும் நூல்நிலையங்களிலே, மாலை ஆறுமணிக்குப்பின் அவர்களுக்கு வேறொரு முழுநேர வேலை வீட்டிற் காத்திருக்கிறது என்பதை அவ்வாறு சொல்வோர் அறிவதில்லை. பயிற்சி நேரம் கடமை நேரத்தினுள் இருக்கவேண்டும். வாரம் இரண்டு மணித்தியாலமாவது, குறித்த நாளிலே, குறித்த வேளையிலே இருக்கவேண்டும். வாசகர் குறைவாக வரும் முற்பகலைத் தெரிந்தெடுத்து, அயற்கிளையின் ஊழியர் ஒருவர் முறைவைத்து வந்து மேசையிலிருக்க ஏற்பாடு செய்யலாம். அதுவும் இயலாவிடின், அந்த இரண்டு மணித்தியாலமும் பத்திரிகைப் பகுதியை மட்டும் திறந்துவைத்து, இரவல் கொடுப்பதை நிறுத்தி, காரணத்தை வாசலில் எழுதி ஒட்டலாம். ஊரார் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது: சில கொப்பிகள், ஒரு வருடி, இணையக் கட்டணம், முறைவைத்து வரும் ஊழியரின் பிரயாணப்படி. பொது நூல்நிலையங்கள் மாநகர, நகர, பிரதேச சபைகளின் பொறுப்பில் உள்ளமையால், இது அச்சபைகளின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே இடம்பெறவேண்டியது. கணினி கொள்வனவு என்ற தலைப்பின்கீழ் ஒரு தொகை எழுதப்படும்போது, அதற்கு அடுத்த வரியிலேயே ஊழியர் பயிற்சி நேரம் என்று இன்னொரு தொகையும் எழுதப்படுகிறதா என்பதைச் சபை உறுப்பினரிடம் கேட்டறிய வாசகர் வட்டங்களுக்கு உரிமை உண்டு. வரைவு சபைக்கு வருமுன்னரே கேட்கவேண்டும்; நிறைவேறியபின் கேட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரும்.